முழு வசதி மெயில் நிரலா, எளிய நிரலா: ரங்கூன் கடைக் கணினிக்கு எது பொருந்தும்?

பயின்னவுங் சந்தையிலிருந்து உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் கடைகளில் மெயில் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ விலை கேட்டு வரும், எஸ்கியூ என்ன விலை, எஃப்ஏகியூ என்ன விலை என்று பதில் போகும் (இரண்டும் பருப்பின் தரப் பெயர்கள்). வியாபாரம் முடிந்தால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது), தாவர நலச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் ஆகி பின்னாலேயே போகும். பிரவுசரில் பார்த்தாலே போதாதா என்றால், லைன் இருக்கும்வரை போதும். கரண்ட் போய் வைஃபையும் படுத்துவிட்ட நேரத்தில் போன மாதத்துக் கடிதம் ஒன்றை எடுக்கவேண்டி வந்தால், அது உங்கள் வட்டில் இருந்தால்தான் உண்டு. கணினியில் தனியாக ஒரு மெயில் நிரல் வைப்பதற்கு இங்கே இதுவே முதல் காரணம்.

எந்த நிரல் என்பதுதான் கேள்வி. வசதிப் பட்டியலை வைத்து முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்பார்கள். கடிதம் எங்கே சேமிக்கப்படுகிறது, சர்வருக்குள் எப்படி நுழைகிறது, பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பாதி நிரல்கள் தானாகவே கழிந்துவிடும்.

முழு வசதி என்பதில் அடங்குபவை: தண்டர்பேர்ட், அவுட்லுக், லினக்ஸில் எவல்யூஷன், கேமெயில். இவற்றில் மெயிலோடு நாட்காட்டி, முகவரிப் புத்தகம், விதிகள், முழுத்தேடல், அட்டவணையும் படமும் வைத்து எழுதும் வசதி எல்லாம் சேர்ந்தே வரும். எளிய வகையில் க்ளாவ்ஸ் மெயில், சில்ஃபீட், கியரி, கட்டளைத் திரையில் ஓடும் மட் ஆகியவை உண்டு. எளியது என்றதும் குறைந்தது என்று நினைக்கவேண்டாம். க்ளாவ்ஸ் மெயிலில் உள்ள வடிகட்டிகள் பல பெரிய நிரல்களைத் தோற்கடிக்கும். கியரி பார்வைக்கு அழகு, ஆனால் ஐமேப் (கடிதத்தைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) மட்டும்தான், பாப் (கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) கிடையாது. மட் இந்தக் கட்டுரையில் இனி வராது. அதைப் பயன்படுத்துபவருக்கு வழிகாட்டி தேவைப்படாது.

முதலில் கணக்கைப் பாருங்கள்

எளிய நிரல்களை இன்று வீழ்த்துவது வசதிக் குறைவு அல்ல, உள்நுழைவு. முன்பெல்லாம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் எந்த நிரலும் எந்த சர்வரிலும் நுழைந்துவிடும். கூகுள் 2022 மே மாத இறுதியில் தனிநபர் கணக்குகளுக்கு அதை மூடியது. மைக்ரோசாஃப்ட் தன் ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் மூடியது. இப்போது ஓஆத் என்ற முறையில் பிரவுசர் ஜன்னல் திறந்து அனுமதி வாங்கவேண்டும்.

உங்கள் முகவரி ஜிமெயில் என்றால் எளிய நிரலுக்கும் ஒரு வழி உண்டு. கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்குங்கள். 16 எழுத்து வரும். இடைவெளி இல்லாமல் அதை நிரலில் ஒட்டினால் பாப், ஐமேப், கடிதம் அனுப்பும் எஸ்எம்டிபி மூன்றும் வேலை செய்யும். கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செத்துவிடும் என்பதை எங்காவது எழுதி வையுங்கள். 'நேற்றுவரை ஓடியது, இன்று கடவுச்சொல் தவறு என்கிறது' என்ற புகாரில் பாதி இதுதான்.

ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் முகவரி என்றால் எளிய நிரலை விட்டுவிடுங்கள். க்ளாவ்ஸ் மெயிலில் ஓஆத் இருக்கிறது, ஆனால் அதற்கான அடையாள எண்ணை நீங்களே பதிவு செய்து வாங்கிப் போடவேண்டும். கடை வேலைக்கு அது தகராறு. தண்டர்பேர்டில் அனுமதி ஜன்னல் தானாகத் திறக்கும்.

சொந்த டொமைன் வைத்து, வெளி நிறுவனத்தில் மெயில் இடம் வாடகைக்கு எடுத்திருந்தால் பெரும்பாலும் சாதாரணக் கடவுச்சொல்லே போதும். அப்போது நிரல் தேர்வு முழுக்க உங்கள் கையில். கதவு (போர்ட்) எண்கள்: ஐமேப் 993, பாப் 995, அனுப்ப 465 அல்லது 587. 25 வேண்டாம்; பல லைன்களில் அது அடைத்திருக்கும்.

கணினி எவ்வளவு தாங்கும்

4 ஜிபி ராம் இருந்தால் தண்டர்பேர்ட் ஓடும். கூடவே பிரவுசரும் எக்செலும் திறந்தால் மூச்சு வாங்கும், ஆனாலும் ஓடும். 2 ஜிபி என்றால் தொடாதீர்கள். லினக்ஸ் போட்டு க்ளாவ்ஸ் மெயில் வைத்தால் அதே கணினி சுறுசுறுப்பாகிவிடும். விண்டோஸ் 7, 8 இன்னும் ஓடும் மேஜைகளுக்கு ஒரு தகவல்: தண்டர்பேர்ட் 115 தான் அவற்றில் ஓடும் கடைசிப் பதிப்பு. 128 முதல் விண்டோஸ் 10 வேண்டும். பழைய பதிப்பிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பது, அதுவும் வெளியார் அனுப்பும் இணைப்புகளைத் திறக்கும் நிரலில், நல்லதல்ல.

கரண்ட் போனால் என்ன உடையும்

தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரில் உள்ள கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக எழுதிவைக்கும். எம்பாக்ஸ் என்பது அதன் பெயர். நீங்கள் ஒரு கடிதத்தை அழித்தால் அது கோப்பிலிருந்து போகாது. அழிந்தது என்று குறி மட்டும் விழும். அந்த இடத்தை மீட்க 'கம்பாக்ட்' செய்யவேண்டும். அப்போது நிரல் முழுக் கோப்பையும் புதிதாக ஒரு முறை எழுதும். 3 ஜிபி இன்பாக்ஸ் என்றால் வட்டில் இன்னொரு 3 ஜிபி காலி இடம் தேவை. எழுதும் நடுவில் கரண்ட் போனால் என்எஸ்டிஎம்பி என்று தொடங்கும் பாதிக் கோப்புகள் ஃபோல்டரில் தங்கும், எந்தக் கடிதம் எங்கே என்று குறித்துவைக்கும் அட்டவணையும் (இன்டெக்ஸ்) குழம்பும். கடிதத் தலைப்பு ஒன்று, திறந்தால் உள்ளே வேறு கடிதம் என்று காட்டினால் குழப்பம் அட்டவணையில் என்று பொருள். கடிதம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ஃபோல்டரில் வலது சொடுக்கு, ப்ராபர்ட்டீஸ், 'ரிப்பேர் ஃபோல்டர்'. அட்டவணைக் கோப்பு புதிதாக எழுதப்படும்.

ஆகவே மேஜைக் கணினியில் தண்டர்பேர்ட் வைப்பவர்கள் யூபிஎஸ் இல்லாமல் வைக்கவேண்டாம். நிரலே தானாகக் கம்பாக்ட் செய்யத் தொடங்குவதைத் தடுக்க, செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியின் கடைசியில் வட்டு இடம் பற்றிய கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் கையால் செய்யுங்கள். இன்பாக்ஸை ஒரே கிணறாக வைக்காமல் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் பிரித்தால் எந்த ஒரு கோப்பும் பெரிதாகாது. இன்னொரு எதிரி ஆன்டிவைரஸ். ஒரே ஒரு கடிதத்தில் வைரஸ் கண்டதும் இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் தூக்கிச் சிறையில் போடும். மறுநாள் காலை இன்பாக்ஸ் வெறுமையாக இருக்கும். தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் ஃபோல்டரை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

க்ளாவ்ஸ், சில்ஃபீட் இரண்டும் எம்எச் என்ற முறையில் சேமிக்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு, பெயர் வெறும் எண். கரண்ட் போனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஒரு கடிதம் கெடலாம், மற்றவை அப்படியே இருக்கும். முறை வைத்துக் கரண்ட் வரும் ஊருக்கு இது பெரிய பலம். விலையும் உண்டு: முப்பதாயிரம் சிறு கோப்புகளைப் பென்டிரைவுக்கு நகலெடுப்பது எறும்பு ஊர்வதுபோல இருக்கும். முதலில் ஜிப் செய்து ஒரே கோப்பாக்கிப் பிறகு நகலெடுங்கள். எம்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. பென்டிரைவ் ஃபாட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது; எக்ஸ்ஃபாட் ஆக ஃபார்மட் செய்யவேண்டும்.

பாப் அல்லது ஐமேப்

ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் பாப் தாராளம். கடைக் கணினியிலும் முதலாளியின் கைபேசியிலும் ஒரே பெட்டி தெரியவேண்டுமென்றால் ஐமேப். எளிய நிரல்களில் பாப் வைப்பவர்கள் ஒரு கட்டத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். க்ளாவ்ஸில் கணக்கு அமைப்பின் 'ரிசீவ்' பக்கத்தில், இறக்கிய கடிதத்தை 7 நாளில் சர்வரிலிருந்து அழி என்ற ஏற்பாடு இருக்கும். கவனிக்காமல் விட்டால் எட்டாம் நாள் சர்வரில் ஒன்றும் இருக்காது, கணினி வட்டு கெட்டால் எல்லாம் போச்சு. நாளைக் கூட்டுங்கள், அல்லது டிக்கையே எடுங்கள். தண்டர்பேர்டில் இதே மாதிரி 14 நாள் என்ற கட்டம் 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் இருக்கும்.

ஜிமெயிலை இரண்டு கணினிகளில் பாப் வழியாக எடுத்தால் முதலில் எடுத்தவருக்கு மட்டுமே கிடைத்தமாதிரி ஆகும். பயனர் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'ரீசன்ட்' என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் சேர்த்தால் கடைசி 30 நாள் கடிதம் இருவருக்கும் வரும்.

ஐமேப்பில் எளிய நிரல்கள் வைக்கும் பொறி வேறு. க்ளாவ்ஸில் பட்டியலில் தலைப்புகள் எல்லாம் தெரியும்; கடிதமும் வட்டில் இருக்கிறது என்று நம்பிவிடுவோம். உண்மையில் நீங்கள் திறந்து படித்தவை மட்டுமே இருக்கும். லைன் போனபின் திறக்காத கடிதத்தைச் சொடுக்கினால் வெறும் பிழைச் செய்தி. ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில் ஆஃப்லைன் பயன்பாட்டுக்கு ஒத்திசைக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தால்தான் கடிதத்தின் உடலும் இறங்கும். தேவையான எல்லா ஃபோல்டருக்கும் அந்த டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய நிரலை மெலிய வைப்பது

பெரிய நிரலைக் குறைத்து ஓட்டலாம், சிறியதை வளர்க்க முடியாது. இதனால்தான் 4 ஜிபி உள்ள கணினியில், குறிப்பாக ஹாட்மெயில் கணக்கோ அட்டவணை வைத்து விலை அனுப்பும் வேலையோ இருந்தால், தண்டர்பேர்டையே பரிந்துரைக்கவேண்டியிருக்கிறது. கைபேசி டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டுபவர்கள் கணக்கைச் சேர்த்த உடனே, முதல் இறக்கம் தொடங்குமுன் செய்யவேண்டியவை:

1. அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கம் போய், கடைசி 90 நாள் மட்டும் ஒத்திசைக்கச் சொல்லுங்கள். எல்லாம் வேண்டுமென்றால் பிறகு கூட்டலாம். அளவு வரம்பு கட்டம் 50 கேபி என்று நிற்கும். டிக் போட்டால் பிடிஎஃப் இணைப்பு உள்ள எந்தக் கடிதமும் வட்டுக்கு வராது. அதை 3000 கேபி என்று மாற்றிவிட்டு டிக் போடுங்கள்.

2. ஜிமெயில் என்றால் பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸ், லேபிள்ஸ் பக்கத்தில் 'ஆல் மெயில்' எதிரே ஐமேப்பில் காட்டு என்ற டிக்கை எடுங்கள். எடுக்காவிட்டால் ஒரே கடிதம் இன்பாக்ஸில் ஒன்று, ஆல் மெயிலில் ஒன்று என்று இரண்டு தடவை இறங்கக்கூடும். ஆர்க்கைவ் செய்து லேபிள் இல்லாமல் விட்ட கடிதங்கள் அப்புறம் நிரலில் தெரியாது, அவ்வளவுதான் இழப்பு. ஐமேப்பில் ஒரு நாளைக்கு 2500 எம்பிக்கு மேல் இறக்கினால் கூகுள் சிறிது நேரம் கதவைச் சாத்தும் என்பதால் பெரிய பெட்டியை ஒரே நாளில் இழுக்கப் பார்க்காதீர்கள்.

3. 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'அட்வான்ஸ்ட்' சொடுக்கி, ஒரே நேரத்தில் வைக்கும் இணைப்புகள் 5 என்றிருப்பதை 2 ஆக்குங்கள். மெதுவான லைனில் ஐந்து இணைப்பும் ஒன்றையொன்று நெரிக்கும்.

4. லைன் இழுத்துக்கொண்டே போய் 'நேரம் கடந்தது' என்று துண்டித்தால், கான்ஃபிக் எடிட்டரில் மெயில்நியூஸ் டாட் டிசிபிடைம்அவுட் என்பதை 100-லிருந்து 300 ஆக்குங்கள். எண்கள் நொடிக் கணக்கு.

5. கணினி பழையது என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், 'இன்டெக்ஸிங்' பகுதியில் முழுத்தேடலை அணைத்துவிடுங்கள். ஃபோல்டருக்குள் விரைவுத் தேடல் அப்போதும் வேலை செய்யும்.

பெரும்பாலோர் கவனிக்காதது அனுப்பும் பக்கம். 9 எம்பி ஸ்கேன் ஒன்றை இணைத்தால் மெயில் அதைக் குறியீடாக மாற்றுவதால் மூன்றில் ஒரு பங்கு ஊதி 12 எம்பி ஆகும். கடிதத்தை எழுதிக்கொண்டே ஐந்து நிமிடம் யோசித்தால் தண்டர்பேர்ட் அதை டிராஃப்டில் சேமிக்கும். டிராஃப்ட் ஃபோல்டர் சர்வரில் இருந்தால் 12 எம்பி ஒரு முறை ஏறும். அனுப்பினால் இரண்டாம் முறை. அனுப்பியதன் நகலை 'சென்ட்' ஃபோல்டரில் வைக்க மூன்றாம் முறை. பத்து நிமிடம் யோசித்தவருக்கு நான்காம் முறையும் உண்டு. 'அனுப்பு' அழுத்தியபின் பட்டை நகராமல் நிற்பதும், டேட்டா பேக் மதியத்துக்குள் தீர்வதும் இதனால்தான். 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பக்கத்தில் டிராஃப்டை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று மாற்றுங்கள். ஜிமெயில் தானே நகல் வைத்துக்கொள்வதால் நகல் வைக்கும் டிக்கை எடுத்துவிடலாம். சொந்த டொமைன் என்றால் நகலையும் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு அனுப்புங்கள், ஆனால் அது கைபேசியில் தெரியாது. ஸ்கேனரையும் கலர் 600 டிபிஐ-யிலிருந்து சாம்பல் நிறம் 200 டிபிஐ-க்குக் கொண்டுவாருங்கள். பில் ஆஃப் லேடிங் படிக்க அது போதும்.

லைன் இல்லாதபோது எழுதிவிட்டுக் கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் அழுத்தினால் கடிதம் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். லைன் வந்ததும் ஃபைல் பட்டியலில் 'சென்ட் அன்சென்ட் மெசேஜஸ்'.

க்ளாவ்ஸ் எங்கே உதவும், எங்கே உதைக்கும்

கணக்கு சொந்த டொமைன், வேலை எழுத்தும் இணைப்பும் மட்டும் என்றால் க்ளாவ்ஸ் போதும், அருமை. பாப் அமைப்பில் 'ரிசீவ் சைஸ் லிமிட்' போட்டுவிட்டால் அந்த அளவை மீறிய கடிதத்தின் முதல் பகுதி மட்டும் இறங்கும். வேண்டுமென்றால் முழுவதையும் கேட்கலாம். விளம்பரக் கடிதங்களின் படங்கள் ஒரு கேபி கூடத் தின்னாது.

ஆனால் அதில் வெறும் எழுத்து மட்டுமே எழுதலாம். எக்செலில் இருந்து விலை அட்டவணையை நகலெடுத்து ஒட்டினால் கோடுகள் போய்விடும், எஸ்கியூ விலை எஃப்ஏகியூ வரிசைக்குக் கீழே போய் நிற்கும். விலையைத் தவறாகப் படித்த வாங்குபவரிடம் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அட்டவணையைப் பிடிஎஃப் ஆக்கி இணைப்பது மேல். அவுட்லுக் வைத்திருப்பவர் அனுப்பும் இணைப்பு சில சமயம் வின்மெயில் டாட் டேட் என்ற ஒரே கோப்பாக வரும். க்ளாவ்ஸில் 'டிநெஃப் பார்சர்' ப்ளகினை ஏற்றினால் திறக்கும். அல்லது அனுப்புபவரிடம் ரிச் டெக்ஸ்டை விட்டு எச்டிஎம்எல்-இல் அனுப்பச் சொல்லுங்கள். கூட்ட அழைப்புகளுக்கு விகேலண்டர் ப்ளகின்.

அவுட்லுக்

அலுவலகமே மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்ஸ்சேஞ்சில் ஓடினால் கேள்வியே இல்லை, பழைய 'கிளாசிக்' அவுட்லுக்தான். கணக்கு அமைப்பில் எத்தனை மாதக் கடிதம் வட்டில் என்ற சறுக்கியை 3 மாதத்துக்கு இறக்குங்கள். அவுட்லுக் கடிதங்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பை நெட்வொர்க் டிரைவிலோ ஒன்டிரைவிலோ வைக்காதீர்கள். உடைந்தால் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி கூடவே வருகிறது, முதலில் நகலெடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

விண்டோஸோடு வந்த சின்ன 'மெயில்' நிரலுக்கான ஆதரவு 2024 இறுதியில் முடிந்தது. அதற்குப் பதில் வரும் 'புதிய அவுட்லுக்' பெயரில்தான் அவுட்லுக். உள்ளே வலைப்பக்கம் போன்றது. ஜிமெயிலையோ சொந்த டொமைனையோ அதில் சேர்த்தால் கடிதங்கள் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கு ஒத்திசைக்கப்பட்டு அங்கிருந்து வரும். லைன் சரியில்லாத மேஜைக்கு அதை முதல் தேர்வாக வைக்கமாட்டோம்.

பர்மிய எழுத்து கோணலாகத் தெரிந்தால்

இது நிரலின் குற்றமே அல்ல. பழைய ஸோஜி எழுத்துருவும் யூனிகோடும் ஒரே குறியீட்டு இடங்களை வேறு வேறு எழுத்துக்குப் பயன்படுத்துகின்றன. கடிதத்தின் தலைப்பில் இது எது என்று சொல்ல வழியே இல்லை, ஆகவே மெயில் நிரலால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. நாடு 2019 அக்டோபர் 1 முதல் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய கடிதங்கள் மாறவில்லை. சுங்க முகவரின் பழைய கடிதம் குழம்பித் தெரிந்தால் எழுத்தை நகலெடுத்து ராபிட் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போடுங்கள். புதிதாக எழுதுவது யூனிகோடில்தான். விண்டோஸ் 8 முதல் பர்மியத்துக்கு மியான்மர் டெக்ஸ்டும் தமிழுக்கு நிர்மலாவும் கூடவே வருகின்றன. லினக்ஸில் இரண்டுக்கும் நோட்டோ சான்ஸ் நிறுவுங்கள்.

திடீரென எல்லாக் கணக்கும் சான்றிதழ் பிழை காட்டினால்

நிரலை நீக்கிப் போடுமுன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். அடிக்கடி கரண்ட் போகும் மேஜைக் கணினியில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்தால் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது என்பதால் சர்வர் இணைப்பு மறுக்கப்படும். பேட்டரியை மாற்றி, நேர மண்டலம் கூட்டல் 6:30 என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சென்னையின் 5:30-ஐ வைத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் கையால் திருத்தியிருந்தால், நீங்கள் அனுப்பும் கடிதங்கள் வாங்குபவரின் பெட்டியில் ஒரு மணி நேரம் எதிர்காலத்தில் போய் நிற்கும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு

ஐமேப் கணக்கானால் மாறுவது சுலபம். புதிய நிரலில் அதே கணக்கைச் சேர்த்தால் போதும். லோக்கல் ஃபோல்டர்ஸில் இருப்பதை மட்டும் முதலில் சர்வர் ஃபோல்டர் ஒன்றுக்கு இழுத்துப் போடுங்கள். பாப் கணக்கானால் கோப்பைத் தூக்கவேண்டும். தண்டர்பேர்டின் எம்பாக்ஸ் கோப்பை க்ளாவ்ஸ் ஃபைல் பட்டியலில் உள்ள இறக்குமதி வழியாகப் படிக்கும். மாற்றுமுன் கம்பாக்ட் செய்யுங்கள். செய்யாவிட்டால் நீங்கள் அழித்த கடிதங்களும் உயிர்த்தெழுந்து வந்துவிடும். அவுட்லுக்கிலிருந்து வருபவர்கள், கிளாசிக் அவுட்லுக் நிறுவியுள்ள அதே விண்டோஸ் கணினியில் தண்டர்பேர்டை வைத்து இறக்குமதி செய்யவேண்டும். பிஎஸ்டி கோப்பு மட்டும் கையில் இருந்தால் லினக்ஸில் ரீட்பிஎஸ்டி கட்டளை அதை எம்பாக்ஸாகப் பிரித்துத் தரும். மாறிய பிறகு பழைய நிரலை நீக்காமல் தானாக மெயில் பார்ப்பதை மட்டும் அணைத்துவையுங்கள். இரண்டும் ஓடி இரண்டும் பாப்பில் இழுத்தால் பாதிக் கடிதம் ஒன்றிலும் பாதி மற்றொன்றிலும் கிடக்கும்.